காம்பவுண்ட் மைட்டர் சா: புதிதாகக் கை வைக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம்

திருநெல்வேலிப் பக்கம் வீட்டு மரவேலை நடக்கிற இடங்களில் நாலு அங்குல மார்பிள் கட்டரைத்தான் அதிகம் பார்க்கலாம். கல் வெட்ட வந்த மிஷினில் மரப் பிளேடை மாட்டி, ரீப்பர் என்கிற ஒல்லிச் சட்டம் முதல் கதவுச் சட்டம் வரை அதிலேயே முடித்துவிடுகிறார்கள். கை பழகிய ஆசாரி அதை வைத்தும் நேராக வெட்டிவிடுவார். ஆனால் ஒரு சட்டத்தைக் குறுக்கே 90 டிகிரியிலோ 45 டிகிரியிலோ பிசகாமல், பத்துத் துண்டும் ஒரே நீளமாக வெட்ட வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற மிஷின் மைட்டர் சா. இது மார்பிள் கட்டரைவிடப் பார்க்கப் பெரியது, சத்தமும் கூடுதல், அதனால் பயம் வரும். முறை தெரிந்தால் இரண்டில் பத்திரமானது இதுதான். மார்பிள் கட்டரில் பிளேடின் பாதையை உங்கள் கை தீர்மானிக்கிறது. மைட்டர் சாவில் பிளேடு எப்போதும் ஒரே தடத்தில்தான் இறங்கும். எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பிளேடிலிருந்து கையைத் தள்ளி வைப்பது எளிது.

அமைப்பைப் பார்ப்போம். கீழே அலுமினிய மேடை. மேடையின் பின்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கிற தடுப்புக்கு ஃபென்ஸ் என்று பெயர். மரத்தை இதில்தான் சாய்த்து வைக்க வேண்டும். மேலே கீல் வைத்த தலையில் மோட்டாரும் பிளேடும் இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் தலை இறங்கும், விட்டால் ஸ்பிரிங் தூக்கிவிடும். மேடையின் நடுவிலுள்ள வட்டத் தட்டு இடமும் வலமும் திரும்பும். அதைத் திருப்பி வெட்டினால் மைட்டர் வெட்டு. படச் சட்டத்தின் மூலை இப்படி வருவது. தலையையே பக்கவாட்டில் சாய்த்து வெட்டினால் பெவல் வெட்டு, அதாவது பலகையின் கனத்தில் விழுகிற சரிவு. இரண்டையும் ஒன்றாக வைத்து வெட்ட முடிகிற மிஷின்தான் காம்பவுண்ட் மைட்டர் சா. தலை குழாய்களின் மேல் முன்னும் பின்னும் ஓடினால் அது ஸ்லைடிங் வகை.

வீட்டு வேலைக்கு 10 அங்குலப் பிளேடு உள்ளது போதும். ஸ்லைடிங் இல்லாத 10 அங்குல மிஷின் நேர்வெட்டில் சுமார் ஐந்தரை அங்குல அகலமும், 45 டிகிரியில் சுமார் மூன்றரை அங்குல அகலமும் வெட்டும். ஸ்லைடிங் என்றால் ஒரு அடி அகலம் வரை போகும். புதிதாக வாங்குகிறவர் ஸ்லைடிங் இல்லாததில் தொடங்குவது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது?

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதுகாப்பு விதிகள் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் மிஷினுக்கு முன்னால் நிற்கிறீர்கள். உங்களுக்கு நேராக உள்ள பற்கள் மேலிருந்து கீழாக வருகின்றன. அடியில் உள்ள பற்கள் உங்களை விட்டு விலகி ஃபென்ஸை நோக்கிப் போகின்றன. பின்பக்கப் பற்கள் மேலே ஏறுகின்றன. ஆகவே வெட்டும்போது பிளேடு மரத்தை மேடையின் மேல் அழுத்தவும், ஃபென்ஸை நோக்கித் தள்ளவும் பார்க்கும். மரம் முன்பே மேடையிலும் ஃபென்ஸிலும் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பிளேடின் பலம் அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மரத்துக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும், பிளேடு தொட்ட நொடியில் மரத்தை அந்த இடைவெளிக்குள் அடித்துத் தள்ளும். மரம் திரும்பும், பிளேடு அதில் இறுகும், பிறகு மரம் எகிறும், அல்லது தலை மேல்நோக்கி உதைக்கும்.

வேகத்தையும் சொல்லிவிட வேண்டும். 10 அங்குல மிஷின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,000 சுற்று சுற்றும். 5,000 சுற்றில் பிளேடின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மரம் அசைந்த பிறகு கையை எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்கு நேரமே கிடைக்காது. இந்த மிஷினில் நடக்கிற விபத்துகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் தொடக்கம் ஒன்றுதான்: வெட்டுகிற நேரத்தில் மரம் அசைந்தது. இனி வருகிற முறைகள் அதிகமும் மரத்தை அசையவிடாமல் வைப்பதற்கானவை.

மிஷினை வைக்கிற இடம்

தரையில் வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்து வெட்டுவது நம் ஊரில் பழகிய முறை. மைட்டர் சாவுக்கு அது ஆகாது. குத்தவைத்து இருக்கும்போது முழங்காலும் முகமும் பிளேடின் தடத்துக்கு நேராக வந்துவிடும், உதைத்தால் பின்னால் நகரவும் முடியாது. இடுப்பு உயரத்தில், தரையிலிருந்து மேடை சுமார் 34 முதல் 36 அங்குலம் வரும்படி, ஆடாத பெஞ்சில் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

நீளமான மரத்துக்கு இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும். 10 அடி ரீப்பரை மேடையில் வைத்து முனையைத் தொங்கவிட்டால், வெட்டு முடிகிற கடைசி நொடியில் தொங்குகிற முனை கீழே போகும், பிளேடு பக்கத்து முனை மேலே எழும்பிப் பிளேடை இறுக்கும். மேடையின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரப்பெட்டியோ ஸ்டாண்டோ செய்து வைத்துக்கொண்டால் போதும். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பிடிக்கச் சொல்வது கூடாது. அவர் நல்லது நினைத்து லேசாகத் தூக்குவார். அந்தத் தூக்கலே வெட்டின் வாயை மூடிப் பிளேடைப் பிடிக்க வைக்கும்.

கரண்டுக்கு வருவோம். 1,600 முதல் 1,800 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் 7, 8 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், சுருளை முழுக்கப் பிரித்துவிட வேண்டும். சுருட்டியபடியே விட்டால் வயர் சூடேறும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருப்பது அவசியம், முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையில் வேலை செய்கிறவர்களுக்கு. வோல்டேஜ் குறைந்து மோட்டார் இழுக்க முடியாமல் முனகினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவதே சரி.

வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சிலிருந்து விரலை எடுப்பது, இரண்டாவது பிளக்கைப் பிடுங்குவது. சில மிஷின்களில் சுவிட்சை அழுத்திப் பூட்டி வைக்கும் பொத்தான் உண்டு. அதைப் பூட்டிய நிலையில் விட்டுவிட்டுப் போனால், கரண்ட் வரும்போது ஆள் இல்லாமலே பிளேடு சுற்றும்.

பிளேடு

பெட்டியோடு வருகிற பிளேடில் பெரும்பாலும் 24 அல்லது 40 பல் இருக்கும். 24 பல் வேகமாக வெட்டும், முகம் சொரசொரப்பாக வரும். ஷட்டரிங் சட்டம், கூரைச் சட்டம் மாதிரி வேலைக்குச் சரி. பொது வேலைக்கு 40 முதல் 60. படச் சட்டம், பீடிங், மைக்கா ஒட்டிய பிளைவுட்டுக்கு 80. பல் எண்ணிக்கையைவிடப் பலரும் கவனிக்காமல் விடுவது பல்லின் சாய்வு. மேடைக்கு அடியிலிருந்து பிளேடு மேலே நீட்டியிருக்கிற டேபிள் சாவுக்கான பிளேடில் பற்கள் 15, 20 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்து, மரத்தைக் கொக்கி போட்டு இழுக்கும். மைட்டர் சாவுக்கு 5 டிகிரிக்குள், அல்லது பின்னோக்கிய மைனஸ் 5 டிகிரி சாய்வுள்ள பிளேடே ஏற்றது. கடையில் "10 இஞ்ச் மரப் பிளேடு" என்று மட்டும் கேட்காமல், மைட்டர் சாவுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். நடு ஓட்டையின் அளவும் 25.4 மில்லிமீட்டரா 30 மில்லிமீட்டரா என்று மிஷினில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிளேடின் மேல் அச்சடித்த உச்ச வேகம் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பிளக் கண்ணுக்குத் தெரியும்படி பெஞ்சின் மேல் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிளேடைப் பிடித்திருக்கிற போல்ட் பெரும்பாலான மிஷின்களில் இடது மரை. வழக்கமாக இறுக்குகிற திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் நீளக் குழாய் மாட்டித் திருகி, போல்ட்டின் தலையை உடைத்தவர்கள் உண்டு. புதுப் பிளேடில் உள்ள அம்புக்குறியும், பிளேடை மறைத்திருக்கிற மூடியில் உள்ள அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

இரும்பு வெட்டுகிற 14 அங்குலக் கட்ஆஃப் மிஷினில் மரப் பிளேடை மாட்டுவதும், மைட்டர் சாவில் இரும்பு வெட்டும் டிஸ்க் மாட்டுவதும் இரண்டுமே வேண்டாம். முன்னதில் மரத்துக்கு ஏற்ற மூடியும் ஃபென்ஸும் கிடையாது. பின்னதில் இரும்புப் பொறி மரத்தூள் பையில் விழுந்தால், மெல்லப் புகைந்து ஆள் போன பிறகு பற்றும்.

மரம்

பயிற்சிக்கு 2 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள நேரான ரீப்பர் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கில் தொடங்க வேண்டாம். விலை போகிறதே என்ற பதற்றத்தில் கவனம் கையை விட்டு மரத்துக்குப் போய்விடும்.

நம் பகுதி மரங்களில் பிளேடுக்குச் சோதனை பனை. பனங்கையின் வெளிவயிரத்தில் கறுத்த நார்கள் கம்பி கட்டியதுபோல் அடுக்கியிருக்கும். அவை பல்லை வேகமாக மழுக்கும், வெட்டு முடிகிற பக்கம் நார் நாராகப் பிய்ந்து வரும். சிராய் ஏறினால் ஆழமாகப் போகும். பனையை வெட்டுவதற்கென்று பழைய பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, மற்ற மரத்தைவிட மெதுவாக இறக்க வேண்டும். வேம்பு, பூவரசு போன்றவற்றில் வளைவும் கணுவும் சாதாரணம். கணுவில் நார் திசை மாறுவதால் அங்கே பிளேடு லேசாகத் தட்டும், அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கிற தேக்குச் சட்டம், நிலை, உத்தரம் ஆகியவை அருமையான மரம். ஆனால் உள்ளே முறிந்த ஆணி இருக்கும். தலை துருப்பிடித்து உதிர்ந்து, மேலே கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். அந்தப் புள்ளிகளை எல்லாம் சுரண்டிப் பாருங்கள், ஒரு காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் ஓட்டியும் பாருங்கள். ஆணியில் பட்டால் பிளேடு நுனியிலுள்ள கார்பைடுப் பல் தெறிக்கும். அது வருகிற வழியில்தான் முகம் இருக்கிறது.

மில்லில் இப்போதுதான் அறுத்து வாங்கிய பச்சை மரத்தை வெட்டினால், ஈரத்தால் வெட்டின் இரு பக்கமும் பிளேடை உரசும், தூள் வெளியே வராமல் வெட்டுக்குள்ளேயே அடையும். காய்ந்த பிறகு கோணமும் மாறும். சட்டம் அடிக்கிற மரம் என்றால் காயவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வளைந்த பலகையை எப்படி வைப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பலகையை மேடையில் வைத்து ஃபென்ஸில் சாய்த்து, பிளேடு விழுகிற இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். அங்கே வெளிச்சம் தெரிந்தால் பலகை பின்பக்கம் குழிந்திருக்கிறது. பலகையைப் புரட்டி, புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொடும்படி வையுங்கள். வெட்டு விழுகிற இடத்தில் மரமும் ஃபென்ஸும் ஒட்டியிருக்க வேண்டும். முனைகள் ஃபென்ஸை விட்டு விலகியிருந்தால் பாதகம் இல்லை, மரத்தை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம். மேடையோடும் இதே கணக்குதான். மாடு கட்டுகிற முளை மாதிரி உருண்டைக் கம்பை அப்படியே வெட்டப் போனால் அது பிளேடோடு சேர்ந்து உருளும். V வடிவப் பள்ளம் உள்ள கட்டையில் படுக்க வைத்துக் கிளாம்ப் போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

ஒரு வெட்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை

பென்சிலைக் கூராகச் சீவி, மூலைமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். பிளேடு தின்கிற கனம் சுமார் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அந்த ஒரு நூல் கோட்டின் எந்தப் பக்கத்தில் போக வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து, வேண்டாத பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். மோட்டாரைப் போடாமல் தலையை இறக்கி, ஒரு பல்லின் ஓரம் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். சிவப்புக் கோடு அடிக்கிற லேசர் இருந்தாலும் பல்லை நம்புவதே நல்லது; லேசர் நகர்ந்திருக்கலாம்.

இப்போது கை. பெரும்பாலான மிஷின்களில் பிளேடின் இரு பக்கமும் கை வரக் கூடாத பகுதியைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். இல்லையென்றால் பிளேடிலிருந்து 6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் தள்ளி வைத்தால் கவலையே இல்லை. மரத்தைப் பிடிக்கிற கையின் கட்டைவிரல் பிளேடு பக்கம் நீண்டிருக்கக் கூடாது. மற்ற விரல்களோடு சேர்த்து மடக்குங்கள். அந்தக் கை மரத்தைக் கீழேயும் பின்னேயும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது கையைக் குறுக்கே நீட்டிப் பிளேடின் வலது பக்கத்து மரத்தைப் பிடிக்கவே கூடாது. அந்தப் பக்கம் பிடிக்க வேண்டியிருந்தால் கைகளை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் வசதிப்படவில்லை என்றால் கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் போடுகிற அரை நிமிடத்தை வேலை கெடுகிற நேரமாக எண்ணுகிறவர்கள் நிறைய. வெட்டுக் கோணம் சரியாக வருவதற்கும் கிளாம்ப்தான் காரணம் என்பதை அவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

பிளேடின் தடத்துக்கு நேராக நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பிளேடு மரத்தைத் தொடாமல் மேலே இருக்கும்போதே சுவிட்சை அழுத்தி, சத்தம் ஏறி ஒரே சீராக நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு இறக்குங்கள். தள்ள வேண்டாம், பிளேடு எந்த வேகத்தில் தின்கிறதோ அந்த வேகத்தில் கை இறங்கினால் போதும். மோட்டார் சத்தம் தாழ்ந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள். கருகிய வாடை வந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது நீங்கள் அளவுக்கு மீறி மெதுவாக இறக்குகிறீர்கள்.

வெட்டு முடிந்ததும் தலையைத் தூக்கிவிடாதீர்கள். பழகாதவர் எல்லாரும் செய்வது அதுதான். தலை கீழேயே இருக்கும்போது சுவிட்சை விடுங்கள். பிளேடு முழுக்க நிற்கிறவரை அப்படியே பிடித்திருங்கள். நின்ற பிறகு தூக்குங்கள். சுற்றுகிற பிளேடு மேலே வரும்போது, விடுபட்டுக் கிடக்கிற சிறு துண்டைப் பின்பக்கப் பற்கள் கவ்வி எறியும். 45 டிகிரி வெட்டில் விழுகிற முக்கோணத் துண்டுகள் இதற்கு முதல் பலி. சுவரில் பட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு வேகம் இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும்போது துண்டை விரலால் தட்டிவிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிளேடு இடையில் சிக்கி நின்றுவிட்டால் சுவிட்சை விட்டுவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகே மரத்தை விடுவிக்க வேண்டும்.

ஒரே நீளத்தில் பல துண்டு

ஃபென்ஸில் ஒரு முட்டுக் கட்டையைக் கிளாம்ப் போட்டு, மரத்தின் முனையை அதில் முட்டவைத்து வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே அளவாக வரும். மரத்தைப் பிடித்திருக்கிற கை முட்டுக் கட்டை இருக்கிற பக்கத்திலேயே இருக்க வேண்டும். மறுபக்கத்துத் துண்டு எதிலும் முட்டாமல் விலகி விழ வேண்டும். முட்டுக் கட்டை ஒரு பக்கமும் கை மறுபக்கமும் இருந்தால், வெட்டி முடித்த துண்டு பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவில் பிடிப்பில்லாமல் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் திரும்பினாலும் பிளேடு அதைக் கடித்து எறியும். முட்டுக் கட்டையின் அடி மூலையை லேசாகச் சீவிவிட்டால் மரத்தூள் அதில் அடைந்து அளவு கெடாது.

10 அங்குலத்துக்குக் குறைந்த துண்டைக் கையால் பிடித்து வெட்ட வேண்டாம். சின்னத் துண்டு வேண்டுமென்றால் நீளமான மரத்தைப் பிடித்துக்கொண்டு, சின்னது விழுகிற பக்கமாக இருக்கும்படி வெட்டுங்கள்.

கோணங்கள்

ஒரு சாமி படத்துக்குச் சட்டம் போடுவதை எடுத்துக்கொள்வோம். படம் 12 அங்குலம் உயரம், 10 அங்குலம் அகலம். சட்ட மரம் ஒன்றரை அங்குல அகலம். படம் உட்காருகிற காடி 2 நூல், அதாவது கால் அங்குலம். ஒவ்வொரு பக்கமும் படத்துக்கு வெளியே வருவது ஒன்றேகால் அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை அங்குலம். கண்ணாடி இறுகாமல் உட்கார ஒரு நூல் கூட்டினால், வெளி விளிம்பின் நீளம் 14 அங்குலம் 5 நூல் இரண்டும், 12 அங்குலம் 5 நூல் இரண்டும். எதிரெதிர்த் துண்டுகள் சமமாக இருப்பதுதான் இங்கே உயிர். நீளம் எல்லாவற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கூடினால் யாருக்கும் தெரியாது; ஒன்றில் மட்டும் கூடினால் மூலை வாய் பிளக்கும். எனவே ஒரு ஜோடியை ஒரே முட்டுக் கட்டையில் வெட்டுங்கள்.

கோணம் கண்டுபிடிக்க, 180-ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். நாலு பக்கத்துக்கு 45, ஆறு பக்கத்துக்கு 30, எட்டுப் பக்கத்துக்கு 22.5. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி பிசகினால், நாலு மூலைச் சட்டத்தின் எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. அது மொத்தமும் கடைசி மூலையில் வந்து நிற்கும். ஒன்றரை அங்குலச் சட்டத்தில் ஒரு நூலுக்கு மேல் இடைவெளி. வேறு மூன்று மூலையும் அழகாகச் சேர்ந்து கடைசி மட்டும் சேராவிட்டால் காரணம் இதுவே.

மிஷின் நேராக வெட்டுகிறதா என்று பார்க்க மூலைமட்டத்தைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. 4 அங்குல அகலப் பலகையை 90 டிகிரியில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் கவிழ்த்துப் போட்டு, இரண்டின் விளிம்பையும் ஒரே நேர்ச்சட்டத்தில் ஒட்டிவைத்து வெட்டு முகங்களைச் சேருங்கள். பிசகு இரட்டிப்பாகத் தெரியும். அரை டிகிரி தப்பு என்றால் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் இடைவெளி. ஃபென்ஸ் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து மீண்டும் வெட்டிப் பாருங்கள். பலகையை விளிம்பில் நிறுத்தி வைத்து இதையே செய்தால் பெவலின் பூஜ்ஜியம் சரியா என்று தெரிந்துவிடும்.

கோணத்தில் வெட்டும்போது பிளேடு மரத்தை ஃபென்ஸின் நீளவாக்கில் நழுவச் செய்யும். கையில் லேசாக உணர முடியும், ஆனால் அரை மில்லிமீட்டர் அதற்குள் போயிருக்கும். ஃபென்ஸில் 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டினால் நழுவல் நிற்கும். கிளாம்பும் சேர்ந்தால் இன்னும் உறுதி.

பெவலுக்குத் தலையைச் சாய்க்கும்போது ஃபென்ஸின் நகர்த்தக்கூடிய மேல்பகுதியைத் தள்ளிவைக்க மறக்காதீர்கள். பிளக் போடாமல் தலையை முழுக்க இறக்கி, பிளேடும் மூடியும் எதிலும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே கரண்ட். சாய்ந்த தலையின் அடியில் உங்கள் கை வருகிற இடமும் மாறும். நேர்வெட்டில் பத்திரமான தூரம் பெவலில் பத்திரம் இல்லை.

காம்பவுண்ட் வெட்டு தேவைப்படுவது, மேலே விரிந்து சரிகிற பக்கங்கள் உள்ள பெட்டிகளுக்கு. மொட்டைமாடிப் பூத்தொட்டிப் பெட்டி நல்ல உதாரணம். பக்கங்கள் நெட்டுக்குத்திலிருந்து 15 டிகிரி சரிய வேண்டும், பலகையை மேடையில் படுக்க வைத்து வெட்டுகிறோம் என்றால், மேடைக் கோணம் 14.5, பிளேடுச் சாய்வு 43.1. சரிவு 10 டிகிரி என்றால் 9.9, 44.1. சரிவு 20 என்றால் 18.9, 41.6. 30 என்றால் 26.6, 37.8. பலரும் சரிவு 15 என்றால் மேடையில் 15, பிளேடில் 45 வைத்துவிடுவார்கள், பெட்டி சேராது. ஒவ்வொரு பலகையிலும் வெளிப்பக்கம், மேல் விளிம்பு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடம் வலம் மாறி வெட்டி வீணாவது இந்த வேலையில் அதிகம், முதலில் வேண்டாத மரத்தில் நாலு துண்டும் வெட்டிச் சேர்த்துப் பாருங்கள். மிஷின் அளவுகோலில் 31.6, 33.9 என்ற குறிகள் இருக்கும். அவை சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஒட்டுகிற கிரௌன் மோல்டிங் என்ற மரப் பட்டிக்காக. நம் வீடுகளில் அந்த வேலை பெரும்பாலும் இல்லை.

ஸ்லைடிங் வகையில் திசை

தலையை உங்கள் பக்கம் இழுத்து, அங்கே இறக்கி, பிறகு ஃபென்ஸை நோக்கித் தள்ளி வெட்ட வேண்டும். இறக்கிய பிளேடை உங்களை நோக்கி இழுத்து வெட்டக் கூடாது. அடிப்பக்கப் பற்கள் பின்னோக்கிப் போவதால், பிளேடு மரத்தின் மேல் வண்டிச் சக்கரம்போல் ஏறி உங்கள் மேலேயே ஓடி வரும். தள்ளி வெட்டும்போது முன்னே செல்கிற பற்கள் மேல்நோக்கி ஏறுகின்றன, மரத்தைத் தூக்கப் பார்க்கின்றன, ஆகவே அகலப் பலகைக்குக் கிளாம்ப் கட்டாயம். இப்படி நினைவில் வைக்க வேண்டியது ஒன்று கூடுகிறது என்பதால்தான் தொடங்குகிறவருக்கு ஸ்லைடிங் வேண்டாம் என்றது.

உடை, காது, மூச்சு

சாரம் (லுங்கி), வேட்டி, கழுத்தில் துண்டு, தொளதொள முழுக்கை, கையில் கயிறு எதுவும் வேண்டாம். கையுறையும் கூடாது, பல் அதைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். செருப்புக்குப் பதில் ஷூ. பக்கமும் மூடிய கண்ணாடி. சத்தம் 100 டெசிபலைத் தொடும், காதடைப்பான் போடுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. என்95 முகக்கவசம் வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் முற்றத்தில் வேலை செய்தால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி மிஷினைத் திருப்பி வையுங்கள். பிளேடின் அடிமூடி தானாகத் திறந்து மூட வேண்டும். கோடு தெரியவில்லை என்று அதைக் கம்பியால் கட்டிவைத்த மிஷினில் வேலை செய்யாதீர்கள்.

பிளேடில் பிசின் படிந்தால் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து மாட்டுங்கள். உடைந்த பல் ஒன்று இருந்தாலும் அந்தப் பிளேடு வேண்டாம்.

விரலில் பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பட்டால் திசு கெட்டு, ஒட்ட முடியாமல் போகும். காயத்தில் மஞ்சள்தூள், காப்பித்தூள் போடக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, விரலை ஒட்டும் அறுவைசிகிச்சை வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும். அந்த மருத்துவமனையின் எண்ணையும் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரின் எண்ணையும் மிஷின் பக்கத்துச் சுவரில் எழுதிவைத்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மிஷினைத் தொடாமல் இருங்கள்.